நாலு கூட்டாளிங்க சேர்ந்து ஒரு நாவல் எழுதுறது எப்படி

நாங்க நாலு பேர், காலேஜ் பழக்கம், கோவில்பட்டி பக்கம் தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாக்குற ஒரு குடும்பத்தை வச்சு நாவல் எழுதலாம்னு உக்காந்தோம். சேர்ந்து எழுதுனா கதை குழம்பிடும்னு எல்லாரும் சொன்னாங்க, ஆனா கதை ஒண்ணும் பெருசா குழம்பலைங்க, குழம்புனது பேச்சுதான். கோவில்பட்டிக்காரன் எழுதுன ரெண்டாவது அத்தியாயத்துல பாட்டி "ஏலே, ஆச்சி சொல்லுதத கேளுல"ங்குறாங்க, பொள்ளாச்சிக்காரன் எழுதுன அஞ்சாவதுல அதே பாட்டி "என்ற சாமி, சோறு உண்டியா கண்ணு"ங்குறாங்க. மெட்ராஸ்ல வளந்த தோழி ஒருத்தி, அந்த ஊரே தீப்பெட்டி ஆபீஸ்னு சொல்றதை தொழிற்சாலைன்னு எழுதிட்டா. படிக்கிறவங்களுக்கு அந்த எடத்துலயே நம்பிக்கை விட்டுப்போயிடும். அதனால சேர்ந்து எழுதப் போறீங்கன்னா மத்த எதுக்கும் முன்னாடி பேச்சை சரி பண்ணுங்க.

ஒரு நோட்டு போடுங்க. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ரெண்டு பக்கம். பொறந்த வருஷம், எந்த ஊரு, யாரை என்ன முறை சொல்லி கூப்பிடும், கோவம் வந்தா வாயில என்ன வார்த்தை வரும், எந்த வார்த்தை வரவே வராது, இதெல்லாம். வயசுன்னு எழுதாதீங்க, பொறந்த வருஷம் எழுதுங்க, கதை 1984ல நடக்குதுன்னா 1973ல பொறந்த பொண்ணுக்கு 11 வயசுன்னு யாரும் கணக்கு போட்டுக்கலாம். எங்க நாவல்ல ஒரே பொங்கலுக்குள்ள அந்தப் பொண்ணு 11ல இருந்து 14 ஆயிடுச்சு, அப்புறம்தான் இந்தப் பழக்கமே வந்துச்சு. அந்த ஊர்க்காரங்க யாரோ அவங்க பாக்காம எந்த வசனமும் முடிவாகக் கூடாது, இதை கண்டிப்பா வச்சுக்கோங்க. கதை சொல்றது எழுத்து நடையா பேச்சு நடையா, நான்னு சொல்றோமா அவன்னு சொல்றோமா, அதையும் மொத பக்கத்துலயே எழுதிடுங்க.

அப்புறம் முடிவு. போற போக்குல பாத்துக்கலாம்னு ஆரம்பிச்சா பத்தாவது அத்தியாயத்துல நின்னுடும். 1931ல இங்கிலாந்துல டிடெக்‌ஷன் கிளப்னு துப்பறியும் கதை எழுதுறவங்க சங்கம், ஆளுக்கொரு அத்தியாயமா ஒரு நாவல் எழுதுனாங்க, அதுல என்ன விதின்னா நீங்க உங்க அத்தியாயத்தைக் கொடுக்கும்போதே இந்தக் கதை கடைசில எப்படி முடியும்னு உங்க மனசுல இருக்கறதையும் சேர்த்து எழுதிக் கொடுக்கணும். ரொம்ப நல்ல விதி. நாங்களும் ஆளுக்கு ஒரு பக்கம் முடிவு எழுதி மாத்தி மாத்தி படிச்சோம், நாலு பேரும் நாலு வேற நாவலை மனசுல வச்சிருந்தது அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

வேலையை பிரிக்கிறதுக்கு முறை வச்சு எழுதுறதுதான் எனக்குப் பிடிச்சது. 20 அத்தியாயம், ஒண்ணு 2,500 வார்த்தை, மொத்தம் 50,000. நாலு பேர்னா ஆளுக்கு அஞ்சு, ஒரு அத்தியாயத்துக்கு பத்து நாள் கொடுத்தா 200 நாள், அதாவது கிட்டத்தட்ட ஏழு மாசம். ஃபைல் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கணும், கூகுள் டாக்ஸ்ல போட்டு மத்தவங்க திருத்துறதை சஜஷன் மோட்லயே பண்ணச் சொல்லுங்க, பழைய வெர்ஷன் எல்லாம் ஹிஸ்டரில இருக்கும், எவனோ என் பத்தியை அழிச்சுட்டான்னு சண்டை வராது. வாட்ஸப்ல துண்டு துண்டா அனுப்பாதீங்க. எல்லாரும் யூனிகோட்ல அடிங்க, ஒருத்தர் பாமினிங்கற பழைய ஃபான்ட்ல அடிச்சு ஒட்டுனா வெறும் இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமா நிக்கும்.

ஓட்டுப் போட்டு முடிவெடுக்காதீங்க, நாலு பேர்ல ரெண்டுக்கு ரெண்டு வந்து நிக்கும். ஆரம்பத்துலயே ஒருத்தரை கடைசி கைன்னு வச்சுடுங்க, முழு நாவலையும் அவங்க ஒரு தடவை தன் கையால திருப்பி எழுதணும், நம்ம வரி போச்சேன்னு மத்தவங்க அழக் கூடாது. சுபாங்கற பேர்ல எழுதுறது சுரேஷ், பாலகிருஷ்ணன்னு ரெண்டு நண்பர்கள், இத்தனை வருஷமா படிக்கிறோம், எந்த வரி யாரோடதுன்னு நமக்குத் தெரியுதா? அந்த ஒட்டு வரணும்.

பணம், பேர் வரிசை, நடுவுல ஒருத்தர் விலகுனா என்னங்கிறதை ஒரு பேப்பர்ல எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்க. நம்ம 1957 காப்புரிமைச் சட்டப்படி யார் பங்கு எதுன்னு பிரிக்க முடியாத மாதிரி கலந்து எழுதுனது கூட்டுப் படைப்பு, கடைசியா இறக்குற எழுத்தாளருக்கு அப்புறமும் 60 வருஷம் உரிமை ஓடும், அதாவது உங்க பேரப்பிள்ளைங்க வரைக்கும் போற விஷயம்.

முடிஞ்சதும் சத்தமா வாசிங்க, ரெண்டு ஞாயித்துக்கிழமை முழுசா ஆகும். அவங்கவங்க அத்தியாயத்தை அவங்களே வாசிக்கக் கூடாது, எங்க நாக்கு தட்டுதோ அங்க பென்சில்ல கோடு போடுங்க. நாங்க ரெண்டாவது ஞாயிறு கோவில்பட்டிக்காரனோட அம்மாவை உக்கார வச்சு வாசிச்சோம், தீப்பெட்டி ஆபீஸ்ல இருபது வருஷம் கட்டை அடுக்குனவங்க, அதாவது தீக்குச்சியை கட்டைல வரிசையா அடுக்குற வேலை. கண்ண மூடி கேட்டுட்டே இருந்தவங்க, "கட்டை அடுக்கும்போது யாருய்யா நிமிந்து மொகத்தப் பாத்து பேசுவா, குனிஞ்ச வாக்குலதான் பேச்சு"ன்னாங்க. ஏழு எடத்துல மாத்துனோம்.