வெளிநாட்டிலிருந்து வீடு திரும்பிய முதல் இரண்டு வாரம்

மாதக்கணக்கில் வெளிநாட்டில் இருந்துவிட்டு கோலாலம்பூருக்கோ பினாங்குக்கோ திரும்பினால் சொந்த வீடே ஒட்டாமல் நிற்கும். தூக்கம் கெட்ட உடம்பும் முடியாமல் கிடக்கும் வேலைகளும் சேர்ந்தே இந்த உணர்வைப் பெரிதாக்குகின்றன. வேலைகளை வரிசையாக எடுத்தால் பாதி பாரம் குறையும்.

முதலில் வீடு. பூட்டிக் கிடந்த வீட்டில் குளியலறைத் தரைக்குழியின் தண்ணீர் வற்றியிருக்கும். சாக்கடை நாற்றமும் கரப்பானும் அந்த வழியாகத்தான் ஏறி வரும். ஒவ்வொரு குழியிலும் அரை வாளி தண்ணீர் ஊற்றுங்கள். எல்லாக் குழாய்களையும் ஐந்து நிமிடம் திறந்துவிட்டு, தேங்கிய நீர் போன பிறகு புழங்குங்கள். பூந்தொட்டித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு இரண்டையும் தேய்த்துக் கழுவ வேண்டும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் கொசு முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீர் பட்டால் பொரித்து, ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். துணி, தோல்பையில் பூசணம் இருந்தால் வீட்டுக்குள் தட்டாதீர்கள். முகக்கவசம் போட்டு, வெளியே வைத்து ஈரத்துணியால் துடையுங்கள்.

அடுத்து கைப்பேசி எண். வங்கியில் பதிய வேண்டியது இந்த எண்தான் என்பதால், வங்கிக்கு முன்னால் இதை முடிக்க வேண்டும். பிரிபெய்ட் எண் காலாவதியாகியிருந்தால் அடையாள அட்டையோடு தொலைபேசி நிறுவனக் கடைக்குப் போய் மீட்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் புது எண் வாங்கி, அதன்பிறகே வங்கிக் கிளைக்குப் போங்கள். இல்லையென்றால் இரண்டு முறை அலைய நேரும். புதுக் கைப்பேசியில் வங்கிச் செயலியைப் பதிந்ததும் பல வங்கிகளில் 12 மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும். வாடகை கட்ட வேண்டிய நாளில் இதைத் தொடங்காதீர்கள்.

கார் இருந்தால் பேட்டரி செத்திருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். காப்புறுதியும் சாலைவரியும் புதுப்பிக்காமல் சாலையில் இறக்க வேண்டாம். ஓட்டுநர் உரிமம் காலாவதியாகி மூன்று ஆண்டு தாண்டியிருந்தால் மறுபடி முதலிலிருந்து தேர்வு எழுத வேண்டும்.

தூக்கத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். காலை வெயில் நல்லது என்ற பொது அறிவுரை, லண்டன் பக்கமிருந்து வருபவருக்கு முதல் சில நாள் பொருந்தாது. அங்கும் இங்கும் 8 மணி நேர வித்தியாசம், கோடையில் 7. இங்கே காலை 8 மணி என்றால் உடம்புக்கு நள்ளிரவு. அப்போது படும் வெளிச்சம் உடம்பின் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளி, தூக்கத்தை மேலும் தாமதமாக்கும். முதல் நாள் காலையில் திரையை மூடிவிட்டு, பகல் 1 மணிக்கு மேல் இரண்டு மணி நேரம் வெளியே இருங்கள். மரநிழலே போதும், குளிர்நாட்டிலிருந்து வந்த உடம்பு நம் வெக்கைக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். வெளியே போகும் நேரத்தை நாளுக்கு ஒரு மணி நேரம் வீதம் முன்னதாக்குங்கள். மதியத்துக்குப் பிறகு தே தாரேக், கோப்பி வேண்டாம். இந்தியாவிலிருந்து வந்தவருக்கு வித்தியாசம் இரண்டரை மணிதான், இத்தனை ஏற்பாடு தேவையில்லை.

காய்ச்சல் கண்டால் கிளினிக்கில் எந்தெந்த நாடுகளில் இருந்தீர்கள் என்பதைக் கேட்காமலே சொல்லுங்கள். டிங்கி இல்லை என்று தெரியும்வரை ஆஸ்பிரின், இபுபுரூஃபன் கூடாது, பாராசிட்டமால் போதும்.

சொந்தபந்தங்களை முதல் வார இறுதியிலேயே மொத்தமாக வரவழைக்காதீர்கள். தூக்கக் கலக்கத்தில் பேசினால் முகம் கொடுக்கவில்லை என்று மாமா அத்தைகள் மனம் வருந்துவார்கள். இரண்டாம் வாரத்தில் ஒவ்வொரு குடும்பமாகப் பசியாறக் கூப்பிடுங்கள். அவர்கள் வீட்டில் நடந்ததை முதலில் கேளுங்கள். நீங்கள் இல்லாதபோது கல்யாணம், காரியம், பிள்ளைப்பேறு எல்லாம் நடந்திருக்கும். துக்க வீடு இருந்தால் அழைப்புக்குக் காத்திராமல் நீங்களே முதலில் போய்வாருங்கள். வாரத்தில் ஒரு மாலையை வெளியே போவதற்கென்று ஒதுக்குங்கள்: பினாங்கில் தண்ணீர்மலைப் படிகள், கோலாலம்பூரில் தித்திவாங்சா ஏரி. அதே நாள், அதே நேரம் என்று வைத்துக்கொண்டால் தெரிந்த முகங்கள் தானாகச் சேரும்.