சேட்டர் வந்ததும் ஃபீடை குறைக்குறது, இன்னும் சில தப்புகள்

வி.எம்.சி-ல (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டுல கட்டர் சுத்தி மெட்டலை வெட்டுற மெஷின்) மில்லிங் ஓடிட்டு இருக்கும்போது திடீர்னு ஊளை விடுற மாதிரி சத்தம் கிளம்பும், ஜாப் (வெட்டுற மெட்டல் துண்டு) மேல வரிவரியா மார்க் விழும், இந்த அதிர்வுதான் சேட்டர், உடனே ஆபரேட்டர் கை ஃபீட் (கட்டர் முன்னேறுற வேகம்) குமிழுக்குத்தான் போகும். நான் பார்த்ததுல அதிகமா நடக்குற தப்பு இதுதாங்க. ஃபீடை ரொம்ப குறைச்சா பல்லு வெட்டாது, தேய்க்கும், சூடாகி முனை மழுங்கிடும், ஆனா சத்தம் மட்டும் போகாது.

ஏன்னா ஒரு பல்லு ஆடிக்கிட்டே வெட்டிட்டு போகும்போது சர்ஃபேஸ்ல ஒரு அலையை விட்டுட்டு போகுது, அடுத்த பல்லு அந்த அலை மேலதான் வந்து வெட்டணும், அதனால சிப்போட கனம் ஏறி இறங்குது, கூடவே ஃபோர்ஸும் ஏறி இறங்குது, அது டூலை இன்னும் ஆட்டுது. டெப்த் (ஒரு தடவைல வெட்டுற ஆழம்) ஒரு அளவைத் தாண்டுனா இது தானா வளந்துக்கிட்டே போகும். டெப்த்தை குறைச்சா கண்டிப்பா நிக்கும், ஆனா சைக்கிள் டைம் போயிடும்.

அதுக்கு முன்னாடி ஆர்.பி.எம்-ஐ (டூல் நிமிஷத்துக்கு எத்தனை சுத்து சுத்துதுங்குறது) மாத்திப் பாருங்க, அதுவும் கண்ணை மூடிட்டு குறைக்காம, கணக்கு போட்டு. மொபைல்ல ஸ்பெக்ட்ரம் ஆப் போட்டு சத்தத்தோட ஃப்ரீக்வென்சியை பாருங்க. 4 பல்லு எண்ட் மில் (பக்கத்துலயும் முனையிலயும் வெட்டுற கட்டர்) 3200 ஆர்.பி.எம்-ல ஓடுது, 800 ஹெர்ட்ஸ்ல கத்துதுன்னு வைங்க. 800-ஐ 60-ஆல பெருக்கி 4-ஆல வகுத்தா 12000. அதை 2, 3, 4-ஆல வகுத்தா 6000, 4000, 3000. இந்த ஸ்பீடுகள்ல அலையும் பல்லும் ஒத்துப்போகும், சிப் கனம் அவ்வளவா மாறாது. டூலும் மெட்டீரியலும் தாங்குற வரைக்கும் பெரிய நம்பரை எடுங்க, அங்கதான் டெப்த் அதிகமா கிடைக்கும். ஸ்பீடை ஏத்தினா சத்தம் அடங்கும்னு சொன்னா நம்பாதவங்க நிறைய பேர், ஆனா டோபியாஸ், த்லுஸ்டி மாதிரி மெஷின் அதிர்வு ஆராய்ச்சியாளருங்க 1950, 60-கள்லயே இதுக்கு தியரி போட்டு காட்டிட்டாங்க. ஒண்ணு கவனிங்க, 3200-ல பல்லு மோதுறது செகண்டுக்கு சுமார் 213 தடவை, சத்தம் சரியா அதோட மடங்குல வந்தா அது சேட்டர் இல்ல, ரன்அவுட்டையும் (டூல் மையம் விலகி சுத்துறது) இன்சர்ட்டையும் (கழட்டி மாட்டுற வெட்டு முனை) செக் பண்ணுங்க.

அடுத்தது ஓவர்ஹேங், அதாவது டூல் ஹோல்டரை விட்டு வெளிய நீட்டிக்கிட்டு இருக்குற நீளம். இதை யாருமே சீரியஸா எடுத்துக்குறதில்ல, எனக்கு அதுலதான் வருத்தம். டூல் வளையுறது நீளத்தோட மும்மடிக்கு (நீளம் x நீளம் x நீளம்) ஏத்த மாதிரி கூடும், 40 மில்லி போதுங்குற இடத்துல 60 மில்லி வெளிய விட்டா மூணு மடங்குக்கு மேல வளையும். விட்டத்துல அதைவிட மோசம், 12 மில்லி போடுற இடத்துல 10 மில்லி போட்டா விறைப்பு பாதியாயிடும். ஒரே டூல் எல்லா ஜாப்புக்கும் ஆகட்டும்னு நீளமா மாட்டி வைக்காதீங்க.

ஆனா பெரிய டூல்னு கார்னர்லயும் அதையே போடக்கூடாது. ஆர்6 கார்னர்ல (6 மில்லி ரேடியஸ் வளைவு) 12 மில்லி கட்டர் போய் முட்டுனா மெட்டலோட தொடுற அளவு சட்டுனு ஏறிடும், அங்க கத்தத்தான் செய்யும். 10 மில்லி போட்டு ரேடியஸை சுத்தி வர மாதிரி ப்ரோக்ராம் பண்ணுங்க. பல்லு அதிகமிருந்தா நல்லதுன்னும் நினைக்காதீங்க, பல்லு இடைவெளி சமமா இல்லாத எண்ட் மில் கிடைக்குது, அலை வரிசையா சேர விடாம கலைச்சுடும்.

மெல்லிய சுவர் ஜாப்ல ஒரு பக்கத்தை அடி வரைக்கும் முடிச்சுட்டு மறுபக்கம் போறதும் தப்பு. ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி படிப்படியா இறங்குங்க, கீழ இருக்குற கனம் தாங்கிப் பிடிக்கும்.

லேத்துல போரிங் (ஓட்டையை உள்பக்கமா வெட்டிப் பெருசாக்குறது) பண்றவங்களுக்கு: டூலைப் பிடிக்குற பார் ஸ்டீல்னா விட்டத்தைப் போல 4 மடங்கு, கார்பைடுனா 6 மடங்கு, அதுக்கு மேல வெளிய நீட்டாதீங்க. ஃபினிஷ் நல்லா வரும்னு 0.8 மில்லி நோஸ் ரேடியஸ் (வெட்டு முனையோட வளைவு) போட்டு 0.1 டெப்த் எடுத்தா மெட்டல் பாரை பக்கவாட்டுல தள்ளத்தான் செய்யும், 0.4 போட்டு நோஸ் ரேடியஸை விட கொஞ்சம் அதிக டெப்த் கொடுங்க.