வறண்ட லேனுக்கு ஏற்ற பௌலிங் பந்தைத் தேர்வதும் திருத்துவதும்

டர்பனில் சனிக்கிழமை மாலையில் பௌலிங் ஆடச் செல்பவர்களுக்கு வறண்ட லேன், அதாவது எண்ணெய் குறைந்த பந்துத் தடம், புதிதல்ல. லேன்மீது பூசிய எண்ணெய் பகல் முழுவதும் நடக்கும் பிறந்தநாள் கொண்டாட்டங்களிலும் குடும்ப ஆட்டங்களிலும் தேய்ந்துவிடுவதால், சாட்ஸ்வொர்த்திலிருந்தும் பீனிக்ஸிலிருந்தும் வேலை முடிந்து வரும் நம்மவர்களுக்குப் பெரும்பாலும் எஞ்சியதே கிடைக்கிறது. அந்த லேனில் பந்து பாதி வழியிலேயே திரும்பி முதல் பின்னின் (பின் என்பது தடத்தின் முடிவில் நிற்கும் கட்டை) எதிர்ப்பக்கத்தில் பாயும். அல்லது சரியான இடத்தில் மோதியும் ஓரிரு பின்கள் அசையாமல் நிற்கும். இரண்டாவது நிலையைக் கண்டவர்கள் பந்துக்கு வலு போதவில்லை என்று முடிவுசெய்து, இன்னும் அதிகமாக வளையும் பந்தை இறக்குமதி விலை கொடுத்து வாங்குகிறார்கள். அந்தச் செலவு குறையை மேலும் பெரிதாக்கும். வறண்ட லேனுக்கு வலு குறைந்த, அதாவது குறைவாக வளையும், பந்தே பொருத்தமானது.

காரணம் இதுதான். வீசுபவர் தாண்டக்கூடாத கோட்டிலிருந்து முதல் பின் வரை லேன் 60 அடி நீளமும், 39 பலகைகள் அகலமும் கொண்டது. வழக்கமாக முதல் 40 அடி அளவுக்கே எண்ணெய் இருக்கும். பந்து எண்ணெயில் வழுக்கிச் சென்று, உலர்ந்த பகுதியில் பிடிப்புக் கிடைத்ததும் வளைந்து, இறுதியில் நேராக உருளத் தொடங்குகிறது. முதல் பின்னுக்கும் அதன் பக்கத்துப் பின்னுக்கும் இடையிலுள்ள பாக்கெட்டில் ஏறக்குறைய 4 முதல் 6 பாகைக் கோணத்தில் நுழைந்தால்தான் பின்கள் ஒன்றையொன்று நன்றாகத் தள்ளும். முன்பகுதியிலேயே எண்ணெய் இல்லாவிட்டால் பந்து தன் பக்கச் சுழற்சியை அங்கேயே செலவழித்துவிட்டு, பின்களை அடையும்போது வெறுமனே உருள்கிறது. வலக்கையாளருக்கு 10-ஆம் பின்னோ, சில வேளைகளில் நடுவிலுள்ள 5-ஆம் பின்னோ நின்றுவிடும். தேய்ந்த ஐந்தாம் நாள் ஆடுகளத்தில் கிரிக்கெட் பந்து மிகுதியாகத் திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு, பிடிப்பு மிகுந்த தரையில் சுழற்சி என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

பந்தைத் தேடுவதற்கு முன், எந்த வகை வறட்சி என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். எண்ணெயையே குறைந்த நீளத்துக்குப் பூசியிருப்பது ஒரு வகை. 35 அடி நீளத்துக்கு எண்ணெய் இருந்தால், அந்த எண்ணிலிருந்து 31-ஐக் கழிக்க வரும் 4-ஆம் பலகையை ஒட்டி, அதாவது ஏறத்தாழக் கால்வாயின் ஓரத்தில், பந்து எண்ணெயைவிட்டு வெளியேற வேண்டும் என்பது ஆட்டக்காரர்கள் நெடுநாளாகப் பயன்படுத்தும் தோராயக் கணக்கு. மற்றொரு வகை, சரியான நீளத்துக்குப் பூசிய எண்ணெய் ஆட்டத்தால் தேய்ந்துபோவது. பொழுதுபோக்குக் கூடங்களில் பெரும்பாலும் நடுப்பகுதியில் அதிகமாகவும் ஓரங்களில் குறைவாகவும் எண்ணெய் பூசுவதால், லேனில் குறித்துள்ள அம்புக்குறிகளில் எல்லோரும் குறிவைத்து வீசும் இரண்டாவதன் சுற்றுப்புறம் முதலில் காய்ந்து, நடுவில் மட்டும் எண்ணெய் மிஞ்சும். முதல் வகைக்கு ஓரமும், இரண்டாவது வகைக்கு நடுவும்தான் பாதை. ஒன்றுக்கான தீர்வை மற்றொன்றில் முயன்றால் எந்தப் பந்தும் கைகொடுக்காது.

குறுகிய எண்ணெய்க்கு யூரித்தேன் மேலுறை கொண்ட பந்தையே நான் முதலில் பரிந்துரைப்பேன். அது திடீரெனத் திரும்பாமல் சீராக வளைவதால், ஓரத்தில் வீசும்போது எங்கே போகும் என்பதை நம்ப முடியும். தேய்ந்த லேனுக்கு, மெருகேற்றிய பேர்ல் வகை (முத்துப்போல் மின்னும் மேலுறையுள்ள) ரியாக்டிவ் பந்து நன்று; ரியாக்டிவ் என்பது எண்ணெயை உறிஞ்சிப் பிடிப்புத் தரும் மேலுறை. முன்பகுதியைப் பிடிப்பின்றிக் கடந்து, பின்பகுதிக்கெனச் சுழற்சியை மிச்சம் வைக்கும். மங்கலான மேற்பரப்புள்ள, மின்னும் கலவை இல்லாத சாலிட் வகை ரியாக்டிவ் பந்துகளை இவ்விடத்தில் தவிர்த்துவிடுங்கள். முற்றிலும் காய்ந்துபோன லேனில் பாலியெஸ்டர் பந்துகூட வளையும். ஸ்பேர் எடுப்பதற்கென, அதாவது மிஞ்சிய பின்களை வீழ்த்துவதற்கென, வைத்திருக்கும் அந்தப் பந்தையே முழு ஆட்டத்துக்கும் பயன்படுத்துவதில் குறையொன்றுமில்லை. ஒரே ஒரு பந்துதான் வாங்க முடியும் என்பவர்கள், பெயர்பெற்ற வலுவான பந்தைவிட மிதமான பேர்ல் பந்தை எடுத்தால் எல்லா நாளும் பயன்படும்.

மேலுறைக்கு அடுத்ததாகப் பந்தின் உள்ளே இருக்கும் கோர் என்னும் எடைக் கருவைப் பாருங்கள். உற்பத்தியாளர் தரும் ஆர்.ஜி. எண் (எடை பந்தின் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளிப் பரவியுள்ளது என்பதன் அளவு) 2.46 முதல் 2.80 அங்குலம் வரை இருக்கலாம். எண் உயர உயரப் பந்து தாமதமாகவே உருளத் தொடங்கும் என்பதால் 2.55-க்கு மேற்பட்டதைத் தேர்ந்தெடுங்கள். டிஃபரன்ஷியல் என்னும் எண் குறைவாக இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் புதிய, எண்ணெய் படாத மேற்பரப்பு தரையில் படுவது குறைந்து, பிடிப்பும் தணியும். துளையிடும்போதும் இதைக் கட்டுப்படுத்தலாம்: கோரின் உச்சியைக் காட்டும், ‘பின்’ எனப்படும் வண்ணப் புள்ளிக்கும் உங்கள் சுழல் அச்சுப் புள்ளிக்கும் (நீங்கள் வீசும்போது பந்து சுழலும் அச்சு மேற்பரப்பைத் தொடும் இடம்) இடையே 3⅜ அங்குலம் இருந்தால், புதிய மேற்பரப்பு தரையில் படும் இந்த மாற்றம் உச்சத்தில் இருக்கும், 2 அங்குலத்துக்குக் குறைவாகவோ 5 அங்குலத்துக்கு அதிகமாகவோ வைத்தால் அது தணியும். துளையிட்ட பின் மாற்றுவதற்குப் பழைய துளையை அடைத்து மறுபடியும் துளையிட வேண்டியிருக்கும் என்பதால், இதைக் கடைக்காரரிடம் முன்கூட்டியே பேசி முடிவுசெய்யுங்கள்.

கையிலுள்ள பந்தே போதும் என்றால் மேற்பரப்பைத் திருத்துங்கள். எண்ணெய்க் கறையைச் சுத்திகரிப்பானால் முழுவதுமாகத் துடைத்த பிறகு, நீரில் நனைத்த அப்ரலான் தேய்ப்பு வட்டால் பந்தின் நான்கு பக்கங்களையும் ஒரே அழுத்தத்தில், ஒரே அளவு நேரம் தேய்க்க வேண்டும். முதலில் 1000, பின்னர் 2000, இறுதியில் 4000 எண் வட்டு என்ற வரிசையில் செல்லுங்கள்; எண் உயர உயரப் பரப்பு வழவழப்பாகிப் பந்து தாமதமாக வளையும். அதன்மேல் மெருகுப் பசையைப் பூசினால் பந்து இன்னும் நீண்ட தூரம் வழுக்கும். ஆனால் நடுவில் எண்ணெயும் ஓரத்தில் வறட்சியும் உள்ள லேனில் மெருகு அளவுமீறினால், அதே பந்து உள்ளே பட்டபோது வழுக்கிக்கொண்டே போய், வெளியே பட்டபோது துள்ளித் திரும்பும். அத்தகைய லேனில் மெருகில்லாமல் 4000-உடன் நிறுத்திக்கொள்வதே மேல். இவையெல்லாம் ஆட்டத்துக்கு முன்பு செய்ய வேண்டியவை. போட்டி தொடங்கிய பின் மேற்பரப்பைத் தேய்ப்பதற்கு விதிகளில் இடமில்லை.

ஆட்டத்தின் நடுவே மாற்றக்கூடியவை கால்களும் கையும் மட்டுமே. வலக்கையாளரின் பந்து முதல் பின்னின் இடப்பக்கத்துக்குப் போனால், நிற்கும் இடத்தை இடப்புறம் 2 பலகையும், குறியை 1 பலகையும் நகர்த்திப் பாருங்கள். காய்ந்த பகுதி விரிய விரிய இதைத் திரும்பவும் செய்யலாம். பந்தைச் சற்று உயரத்தில் ஏந்தித் தொடங்கினால் வலிந்து வீசாமலே வேகம் கூடும். விடுவிக்கும் கணத்தில் கை பந்தின் பக்கவாட்டில் சுற்றிவராமல் பின்னாலேயே இருந்தால் பக்கச் சுழற்சி குறைந்து, முன்பகுதியில் பந்து அமைதியாகச் செல்லும்.

பழைய பந்து வாங்குபவர்கள் துளைகளை எண்ணிப் பார்க்கவும். விரல் பிடிப்புக்குப் பயன்படாத எடைச்சமன் துளையை யுனைடெட் ஸ்டேட்ஸ் பௌலிங் காங்கிரஸ் 2020 ஆகஸ்ட் 1 முதல் தடைசெய்துவிட்டதால், அதன் விதிகளைப் பின்பற்றும் போட்டியில் ஆடுவதற்கு முன் அந்தத் துளையை அடைக்க வேண்டும். அடைத்தபின் பந்தின் எடைப் பகிர்வு மாறியிருக்கும். அதைத் தராசில் மீண்டும் சோதிக்கச் சொல்லுங்கள்.