ஒரு அறையை வாடகைக்கு விட்டதும் வந்த கடிதம்

லண்டனில் கவுன்சில் (உள்ளாட்சி) வாடகைக்குத் தந்த வீட்டில் இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருக்கிறேன். குறைந்த வருமானக்காரர்களுக்கு அரசு தரும் யுனிவர்சல் கிரெடிட், பிள்ளைகளுக்கான சைல்ட் பெனிஃபிட் இரண்டும் வருகின்றன. காலியாகக் கிடந்த அறையைப் படிக்க வந்த மதுரைப் பெண் ஒருத்திக்கு விட்டேன்.

பணம் வெட்டுப்படுமோ என்றுதான் பயந்தேன். கூடவே தங்குபவர் தரும் வாடகையை யுனிவர்சல் கிரெடிட்டில் வருமானமாகச் சேர்ப்பதில்லை. ஆண்டுக்கு 7,500 பவுண்டு வரை வரியும் கிடையாது. ஆனால் ஆள் இருந்தாலும் அந்த அறை கணக்கில் ‘உபரி’தான், உபரி அறைக்காக யுனிவர்சல் கிரெடிட்டின் வாடகை உதவியில் விழும் 14 சதவீத வெட்டு அப்படியே தொடர்கிறது. இது நியாயமே இல்லை.

அடி வேறு பக்கமிருந்து விழுந்தது. வீட்டில் வயதுவந்தவர்கள் இருவர் என்று சொல்லி, கவுன்சில் டாக்ஸில் (உள்ளாட்சிக்குக் கட்டும் வீட்டு வரி), வயதுவந்தவர் நான் ஒருத்தி மட்டும் என்பதால் எனக்கிருந்த 25 சதவீதத் தள்ளுபடியை நிறுத்திக் கவுன்சிலிடமிருந்து கடிதம் வந்தது. முழுநேர மாணவர்களை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அந்தப் பெண்ணிடம் பல்கலைக்கழகச் சான்றிதழ் வாங்கச் சொன்னேன். படிப்பு தொடங்கும் தேதி, முடியும் தேதி, ‘முழுநேரம்’ என்ற சொல் மூன்றும் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, என் கவுன்சில் டாக்ஸ் கணக்கு எண்ணோடு கவுன்சிலுக்கு அனுப்பினேன். தள்ளுபடி பழைய தேதியிலிருந்தே திரும்பி, புது பில் வந்தது.

அவள் படிப்பு முடிந்ததும் கவுன்சிலுக்கு மறுபடி தெரிவிக்க வேண்டும். அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்திருக்கிறேன்.