பெரிய பாட்டா பாம்பரில் இருந்தாரா? தேடத் தொடங்குவோருக்கு

பாட்டாவின் அண்ணன் இரண்டாம் உலக யுத்த காலத்தில் "பம்பாயில் இருந்தார்" என்றுதான் எங்கள் வீட்டில் பேச்சு. பம்பாய் பக்கம் தேடித் தேடி நான் அலுத்துப்போன பிறகு, திருவட்டாறு அத்தை சொன்னார்: "பம்பாய் இல்ல மக்கா, பாம்பரு. குண்டு போடுத பிளேனு." ஆகவே வாய்ச்சொல்லை எழுதி வையுங்கள், ஆனால் அதை நம்பித் தேடலைத் தொடங்காதீர்கள்.

முதலில் டிரங்குப் பெட்டி. உங்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: அவருடைய படை எண். விடுவிப்புச் சான்றிதழ், பென்ஷன் கடிதம், பழைய மணியார்டர் துண்டு என்று எதையும் விடாதீர்கள். பதக்கம் இருந்தால் விளிம்பைப் பாருங்கள், எண்ணும் பெயரும் பொறித்திருக்கலாம். பர்மா ஸ்டார் என்றால் ஆள் கிழக்குப் போர்முனைப் பக்கம் போயிருக்கிறார் என்று பொருள்.

வீட்டுக் குறிப்புகளில் கொல்லம் ஆண்டு வரும், குழம்ப வேண்டாம். ஆவணி முதல் மார்கழி நடு வரை 824 கூட்டுங்கள். அதற்கு அப்புறம் 825. கொல்லம் 1118 ஆவணி என்றால் 1942 ஆகஸ்ட்.

அடுத்தது போட்டோ. சட்டையின் இடது மார்பில், பைக்கு மேலே இறக்கை இருக்கிறதா? இரண்டு பக்கமும் விரிந்த இறக்கை விமானிக்கு. ஒற்றை இறக்கையின் வட்டத்தில் ஆங்கிலத்தில் 'ஏஜி' என்றிருந்தால் துப்பாக்கி வீரர், 'என்' என்றால் வழி கணித்துச் சொல்லும் நேவிகேட்டர். இறக்கையே இல்லையென்றால் பெரும்பாலும் தரைப் பணியாளர்: ஃபிட்டர், விமானத்தில் குண்டும் ஆயுதமும் ஏற்றும் ஆர்மரர், வயர்லெஸ்காரர். விமானப்படையில் பறந்தவர்களைவிட இவர்கள்தான் மிக அதிகம், ஊரில் எல்லாரையும் 'பிளேன் ஓட்டினார்' என்றே சொல்வார்கள்.

பறந்தவர்தான் என்றால், எந்த ஸ்குவாட்ரன், அதாவது எந்த விமானப் பிரிவு? அன்றைய இந்திய விமானப்படையில் வெஞ்சன்ஸ் என்ற டைவ் பாம்பரை (செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடும் விமானம்) ஓட்டியவை 7, 8 ஆம் ஸ்குவாட்ரன்கள். இரண்டும் 1942 டிசம்பரில் தொடங்கியவை. 8 நம் திருச்சியில்தான் பிறந்தது. 1943 டிசம்பரிலிருந்து 8 பர்மாவின் அரக்கான் பக்கம் குண்டு வீசியது, 1944-இல் 7 இம்பால் போரில் இருந்தது. அந்த விமானத்தில் ஏறுவது இரண்டே பேர். "நாலு எஞ்சின், பத்துப் பேர்" என்று வீட்டில் கதை ஓடினால் அது லிபரேட்டர். இந்திய விமானப்படைக்கு அது கிடைத்தது யுத்தம் முடிந்து, 1948-இல். கதையில் இரண்டு காலம் கலந்துபோயிருக்கலாம்.

ஸ்குவாட்ரன் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அந்த ஸ்குவாட்ரன்களின் அன்றாடப் பதிவேடுகள் லண்டன் கியூவில் உள்ள பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில், 'ஏர் 27' வரிசையில் இருக்கின்றன. பட்டியலை இணையத்தில் வீட்டிலிருந்தே தேடலாம். 540-ஆம் படிவம் நாள்வாரிச் சுருக்கம். உங்களுக்கு வேண்டியது 541: எந்த விமானம், உள்ளே யார் யார், எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்கு இறங்கினார்கள் என்று வரிவரியாக இருக்கும்.

பெயரைப் பல விதமாகப் போட்டுத் தேடுங்கள். ஞானமுத்து என்பவரை ஒரு குமாஸ்தா 'ஜி'-யில் தொடங்குவார், இன்னொருவர் 'என்'-இல். அப்பா பெயர் முன்னால் போயிருக்கும், வீட்டுப் பெயர் காணாமல் போயிருக்கும். ஊர் என்ற இடத்தில் கன்னியாகுமரி மாவட்டத்தைத் தேடிப் பயனில்லை, நம் மாவட்டம் 1956 நவம்பர் 1-இல்தான் வந்தது. திருவிதாங்கூர் என்று தேடுங்கள்.

திரும்பி வராதவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தைப் பாருங்கள், இலவசம். கல்லறை இல்லாத விமான வீரர்கள் பலரின் பெயர் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவிடத்தில் இருக்கிறது. உயிரோடு திரும்பியவரை அங்கே தேடாதீர்கள்.

கடைசியாகக் கடிதம். அதிகாரி அல்லாத வீரர்களின் ஆவணம் டெல்லி சுப்ரோதோ பார்க்கில் உள்ள விமானப்படை ஆவண அலுவலகத்தில். படை எண், பிறந்த ஊர், உங்களுக்கு என்ன உறவு என்பதற்கான சான்று, இறப்புச் சான்றிதழ் நகல் எல்லாம் வையுங்கள். எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் நாகர்கோவில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

எனக்கு வந்த பதிலில் தொழில் என்ற இடத்தில் 'ஆர்மரர்' என்றிருந்தது. அத்தையிடம் சொன்னேன்.

"அப்பம் குண்டு போடல்லியா?"

"ஏத்தி விட்டாரு அத்தை."

அத்தைக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை.