ஒத்த ரூம் பள்ளிக்கூடம் பாக்கப் போறவங்களுக்கு

அமெரிக்கால கிராமத்துப் பக்கம் கார்ல போறப்ப, வயலுக்கு நடுவுல தன்னந்தனியா ஒரு சின்ன கட்டடம், கூரை மேல ஒரு மணின்னு இருந்தா சர்ச்சுன்னு நெனச்சு தாண்டிப் போயிடாதீங்க, பழைய ஓராசிரியர் பள்ளியா இருக்கலாம். 1910கள்ல இந்த மாதிரி சுமார் 2 லட்சம் பள்ளி அங்க இருந்துச்சு, இப்ப மிச்சம் இருக்குறதுல சிலதுதான் உள்ள போய் பாக்குற மாதிரி இருக்கு.

முதல் தடவன்னா தேசியப் பூங்காத் துறை பாத்துக்குற ஏதாவது ஒண்ணுக்குப் போங்க. நெப்ராஸ்கால பியாட்ரிஸ் ஊர் பக்கத்துல ஃப்ரீமன் ஸ்கூல், 1872ல கட்டின செங்கல் கட்டடம், 1967 வரைக்கும் அதுல பாடம் நடந்திருக்கு. கான்சாஸ்ல டால்கிராஸ் பிரெய்ரிங்குற பாதுகாக்கப்பட்ட புல்வெளிக்குள்ள லோயர் ஃபாக்ஸ் கிரீக் ஸ்கூல், அது சுண்ணாம்புக்கல்லு, சுத்தி புல்வெளியத் தவிர ஒண்ணுமே கெடையாது. உள்ளூர் வரலாற்றுச் சங்கங்க நடத்துறதும் நெறைய இருக்கு, ஆனா அதெல்லாம் தன்னார்வலர்ங்க வந்து தொறக்குறது, பல எடத்துல கோடைல வார இறுதி மட்டும்தான், அதனால கெளம்புறதுக்கு முன்னாடி போன் பண்ணி கேட்டுக்கங்க. உள்ள ஹீட்டர், பாத்ரூம் எல்லாம் எதிர்பாக்காதீங்க, மண் ரோட்டுல சிக்னலும் போயிடும், மேப்ப டவுன்லோட் பண்ணி வச்சுக்கங்க.

உள்ள போனதும் போட்டோ எடுக்க ஆரம்பிச்சுடாதீங்க. உக்கார விட்டாங்கன்னா ஒரு டெஸ்க்ல கொஞ்ச நேரம் உக்காருங்க, இதுதான் நான் எல்லார்கிட்டயும் கெஞ்சி கேக்குற ஒரே விஷயம். முன்னாடி வரிசைல குட்டி டெஸ்க், பின்னாடி போகப் போக பெருசாகும், ஏன்னா ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து எட்டாங்கிளாஸ் வரைக்கும் எல்லாரும் இதே ரூம், ஒரே டீச்சர். எப்படி சமாளிச்சாங்கன்னா, டீச்சர் மேசைக்கு முன்னாடி ஒரு நீள பெஞ்ச் போட்டிருக்கும் பாருங்க, ஒவ்வொரு கிளாஸா அங்க கூப்பிட்டு பாடம் ஒப்பிக்கச் சொல்லுவாங்க, மத்த பசங்க அவங்கவங்க எடத்துல சிலேட்டுல கணக்கு போட்டுட்டு இருப்பாங்க, சின்னப் பசங்க பெரியவங்க பாடத்த காதுல வாங்கியே பாதி கத்துக்கிட்டாங்க. டெஸ்க் ஓரத்துல வட்டமா ஒரு ஓட்டை இருந்தா அது மைக்கூடு வைக்கிற எடம், அதச் சுத்தி கறை இன்னும் இருக்கும், வெரலால தடவாம கண்ணால மட்டும் பாருங்க. அப்புறம் அந்த இரும்பு அடுப்பு. பக்கத்துல உக்காந்தவனுக்கு வெந்து போகும், ஜன்னலோரம் உக்காந்தவனுக்கு வெறைக்கும்.

கூட பசங்க வந்தா அந்த ரூம்ல அவங்க வயசுக்கு எந்த வரிசைன்னு அவங்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்க, நீங்க வெளக்குறத விட அது நல்லா ஏறும்.

தென் மாநிலங்கள் பக்கம் போனா ரோசன்வால்ட் பள்ளி ஒண்ணையாவது கண்டிப்பா பாருங்க. நிறப்பாகுபாடு சட்டமா இருந்த காலத்துல, கறுப்பின பிள்ளைங்களுக்காக கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனும் பணக்கார வியாபாரி ஜூலியஸ் ரோசன்வால்டும் சேந்து ஆரம்பிச்ச திட்டம், 1932க்குள்ள கிட்டத்தட்ட 5,000 பள்ளி எழும்பிடுச்சு. ரோசன்வால்ட் முழுப் பணமும் தரல, ஊர் மக்களும் தங்க பங்குக்கு காசும் நெலமும் ஒழைப்பும் போட்டாங்க, ஏற்கனவே வரி கட்டிட்டு இருந்த ஜனங்க மறுபடியும் கைக்காசு போட்டு கட்டினாங்கங்குறத மனசுல வச்சுக்கிட்டு பாருங்க. அங்க ஜன்னலதான் முதல்ல கவனிக்கணும், வரிசையா ஒசரமா இருக்கும், கரண்ட் இல்லாததால பகல் வெளிச்சம் முழுசா உள்ள வரணும்னு தெசை பாத்து கட்டினது.

சுத்திக் காட்டுறவர் வயசானவரா இருந்தா நீங்க இங்கயா படிச்சீங்கன்னு கேளுங்க, சில எடத்துல ஆமாம்பாங்க, அதுக்கப்புறம் போர்டுல எழுதி வச்சிருக்குறதெல்லாம் படிக்கவே வேணாம், அவர் பேசுறதக் கேட்டாப் போதும். டீச்சர் யார் வீட்டுல தங்குனாங்க, தண்ணி எங்கேந்து எடுத்தாங்க, பனி கொட்டுன நாள்ல எப்படி வந்தாங்கன்னு கேளுங்க. பழைய வருகைப் பதிவேடு இருந்தா காட்டச் சொல்லுங்க, நடவு அறுவடை மாசத்துல பெரிய பையனுங்க வராம போனது அதுல அப்படியே தெரியும். கெளம்புறப்ப உண்டியல்ல உங்களால முடிஞ்சத போடுங்க, கூரை ஒழுகாம வச்சுக்கவே அவங்களுக்கு பெரும்பாடு.