சந்தனமா, மணலா, பிஸ்கட்டா: ஒன்றுபோல் தோன்றும் பீஜ் நிறங்களில் அறைக்கு ஏற்றதைத் தேர்வது எப்படி?

பெயின்ட் கடையில் ஷேட் கார்டை விரித்தால் சந்தனம், மணல், பிஸ்கட், ஐவரி என்று பீஜ் குடும்பத்து நிறங்களே பல பக்கங்களுக்கு நீள்கின்றன. அடுத்தடுத்து இருக்கும் இரண்டை டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்து வேறுபாடு சொல்வது கடினம். ஆனால் சுவரில் ஏறிய பின் அவற்றில் ஒன்று ரோஜாச் சாயலுடனும் மற்றொன்று பாசிச் சாயலுடனும் நிற்கக்கூடும். கடையில் நிறம் கலக்கும் டின்டிங் மெஷின் பெரும்பாலான பீஜ் நிறங்களை, பேஸ் எனப்படும் வெள்ளை அடிப்படைப் பெயின்டில் மஞ்சள் ஆக்ஸைடு, சிவப்பு ஆக்ஸைடு, கறுப்பு ஆகியவற்றைச் சிறிதளவு சேர்த்தே உருவாக்குகிறது. மஞ்சளும் கறுப்பும் மேலோங்கினால் பச்சைச் சாயலும், சிவப்பு கூடினால் இளஞ்சிவப்புச் சாயலும், கறுப்பு மட்டும் கூடினால் சாம்பல் சாயலும் உள்ளே தங்கிவிடுகின்றன. ஆகவே எது அழகு என்று கேட்பதை விட்டு, இந்த அறைக்கு எந்தச் சாயல் ஆகாது என்று கேட்டு ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போவதுதான் எளிய வழி.

சாயலைக் கண்டுபிடிக்க ஒரு வெள்ளை ஏ4 தாளும் பகல் வெளிச்சமும் போதும். கார்டைத் தனியாகப் பார்க்கும்போது வெறும் பீஜாகத் தெரிவது, தூய வெள்ளையின் மீது வைத்தவுடன் தன் மஞ்சளையோ சிவப்பையோ காட்டிவிடும். இரண்டு மூன்று கார்டுகளைத் தாளின் மேல் ஒட்டி ஒட்டி வைத்தால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். ஒரே பட்டையில் வெளிர் முதல் அடர்த்தி வரை நிறங்கள் அச்சாகியிருந்தால் அடியில் உள்ள அடர்ந்த நிறத்தைக் கவனியுங்கள். மேலே உள்ள வெளிர் நிறம் மறைத்து வைத்திருப்பதைப் பெரும்பாலும் அது சொல்லிவிடும்.

அடுத்து, அறையில் மாற்ற முடியாதவற்றைப் பாருங்கள். தரை அவற்றில் முதன்மையானது. சேலத்தின் பழைய வீடுகளில் காணப்படும் ரெட் ஆக்ஸைடு தரை, வெயில் பட்டவுடன் சிவந்த ஒளியைச் சுவரின் கீழ்ப்பகுதியில் வீசுவதால், ஏற்கெனவே இளஞ்சிவப்பு கலந்த பீஜ் அங்கே பீச் நிறமாகிவிடும்; அத்தகைய அறைக்குச் சற்றுப் பச்சையோ சாம்பலோ கலந்தது நல்லது. ஐவரி நிற விட்ரிஃபைடு டைல்ஸ் போட்ட புதிய வீடுகளில் சிக்கல் வேறு: மஞ்சள் சாயல் டைல்ஸுக்கு அருகே ரோஜாச் சாயல் சுவர் வந்தால் இரண்டில் ஒன்று அழுக்குப் பிடித்ததுபோல் தெரியும். கார்டை மேசையில் வைத்துப் பார்க்காமல், தரையை ஒட்டி நிமிர்த்தி வைத்துப் பார்க்க வேண்டும். பாலிஷ் போட்ட தேக்குக் கதவு இருந்தால் அதன் அருகிலும் ஒருமுறை.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை, வடக்கு ஜன்னல் அறைக்குக் குளிர்ந்த நீல ஒளியே வரும் என்று மேலைநாட்டுக் குறிப்புகள் சொல்வதை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள இயலாது. சேலம் ஏறத்தாழ 11.7 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் பிற்பகுதி வரை நண்பகல் சூரியன் நம் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கிறது. நண்பகல் வெயிலைச் சன்ஷேட் தடுத்துவிடும். ஆனால் அந்த மாதங்களில் காலையும் மாலையும் சாய்ந்த வெயில் வடக்கு ஜன்னல் வழியாகவும் நுழையும். எனவே ஜனவரியில் தேர்ந்தெடுத்த நிறம் மே மாதத்தில் மஞ்சள் கூடித் தெரிந்தால் அதற்கு பெயின்டர் பொறுப்பல்ல. மேற்கு அறைகளுக்கு மாலை நான்கு மணிக்கு மேல் வரும் செம்மஞ்சள் ஒளியை நினைவில் வைத்து, சிவப்புச் சாயல் கொண்டவற்றை முதலிலேயே ஒதுக்கிவிடலாம்.

மலை ஏறியதும் கணக்குத் தலைகீழாகிறது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில் பனிமூட்டம் ஒளியைப் பரப்பிச் சாம்பல் நிறமாக்குகிறது. ஜன்னலுக்கு வெளியே காபிச் செடிகளும் சில்வர் ஓக் மரங்களும் இருந்தால் அவற்றின் பச்சையும் அறைக்குள் வந்துவிடுகிறது. கீழே நகரத்தில் அமைதியாகத் தெரிந்த சாம்பல் பீஜ் அங்கே பூசாத சிமென்ட் சுவர்போல் தோன்றும். பச்சை கலந்த பீஜோ நோய்ப்பட்ட தோற்றம் தரும். அங்கே நான் தயங்காமல் பரிந்துரைப்பது, சிறிது சிவப்பு கலந்த, வெதுவெதுப்பான பீஜ். அந்தச் சிவப்பு வெளிப்பச்சையை ஓரளவு ஈடுசெய்யும்.

இரவு விளக்கையும் மறக்கலாகாது. பல்ப் பெட்டியில் 6500 கெல்வின் என்றிருந்தால் அதன் வெண்ணீல ஒளியில் பீஜ் வெளுத்து, இளஞ்சிவப்புச் சாயல் லேசான ஊதாவை நோக்கிச் சாயும்; 2700 அல்லது 3000 என்றிருந்தால் மஞ்சள் கூடும். பல்பை முதலில் முடிவுசெய்துவிட்டு நிறத்தைத் தேர்வதே முறை.

இவ்வளவுக்கும் பிறகு எஞ்சும் இரண்டு மூன்று நிறங்களைச் சிறிய சாம்பிள் டப்பாக்களில் வாங்கி, சுவரில் அல்லாமல், இரண்டடிக்கு இரண்டடி அட்டையிலோ பிளைவுட் துண்டிலோ பிரைமர் அடித்து இரண்டு கோட் பூசி, ஓரத்தில் வெள்ளை விளிம்பு விட்டுக் காயவிடுங்கள். பழைய நீலச் சுவரின் மேல் பீஜைப் பூசிப் பார்த்தால் அந்த நீலம் பீஜை இல்லாத அளவுக்கு மஞ்சளாகக் காட்டும். அருகருகே உள்ள நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டுவதை, பாரிஸில் கோபெலின் நெசவாலையின் சாயப் பிரிவைக் கவனித்த வேதியியலாளர் செவ்ரூல் 1839-இல் நூலாகவே எழுதினார். நெசவும் சாயமும் அறிந்த சேலத்துப் பகுதிகளான அம்மாப்பேட்டைக்கும் குகைக்கும் இது புதிய செய்தியாக இருக்காது. புடவையைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பதுபோல, பலகையைக் காலை, நண்பகல், மாலை, இரவு என்று ஒவ்வொரு சுவருக்கும் நகர்த்திப் பாருங்கள். ஈரத்தில் தெரியும் நிறத்தை நம்ப வேண்டாம்.

அப்போதும் இரண்டு நிறங்கள் சமமாக நின்றால் ஒளித் திருப்பு அளவைப் பாருங்கள். எல்ஆர்வி என்ற பெயரில், 0 முதல் 100 வரையிலான எண்ணாகச் சில நிறுவனங்கள் இதைத் தருகின்றன. எண் கூடினால் அறை வெளிச்சமாகும். நான்கு சுவரும் ஒன்றின் நிறத்தை மற்றொன்றில் பிரதிபலிப்பதால் முழு அறையில் நிறம் கார்டில் பார்த்ததைவிடச் செறிவாகத் தெரியும். ஆகையால் எண் கூடியதை, அதாவது வெளிர்ந்ததை எடுப்பதே பாதுகாப்பு. இரண்டு மூன்று எண்தான் வேறுபாடு என்றால் சீட்டுப் போட்டே எடுக்கலாம். அதற்காக வீட்டில் சண்டை தேவையில்லை.

வாங்கும்போது ஒரு நிறுவனத்தின் ஷேட் எண்ணை வேறொரு நிறுவனத்தின் பேஸில் போட்டுத் தரச் சொன்னால் நிறம் அச்சாக அமையாது. மேட், ஷீன் என்று பூச்சின் பளபளப்பு மாறினாலும் தோற்றம் மாறும். ஓர் அறைக்குத் தேவையானதை ஒரே பேட்ச்சில் வாங்கி, டின்கள் இரண்டுக்கு மேல் இருந்தால் பெரிய வாளியில் ஒன்றாகக் கலந்து அடிக்கச் சொல்லுங்கள். மிஞ்சியதில் அரை லிட்டரைக் காற்றுப் புகாமல் மூடி, ஷேட் எண், பேஸ், வாங்கிய தேதி ஆகியவற்றை மூடியிலேயே எழுதி வைத்தால் பிறகு டச்-அப் செய்ய உதவும்.